காற்றின் ஈரமும் கரிசல் நிலமும்: ஓர் அளவையின் வரலாறு

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தபோது அவற்றுள் இரண்டினுக்குப் பனியின் பெயரையே இட்டனர். முன்பனி, பின்பனி என்னும் இவை வானினின்று வீழும் மழையைக் குறித்த பெயர்கள் அல்ல; காற்றினிடையே கண்ணுக்குப் புலனாகாது நிற்கும் நீர், இரவின் குளிர்ச்சியால் புல்நுனியில் திரண்டு புலனாகும் நிகழ்ச்சியைக் குறித்தன. காற்றின்கண் நீர் உண்டு என்னும் அறிவு நம்மவர்க்குப் பழமையானது என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும். ஆயின் அந்நீர் இத்துணை என எண்ணால் கூறும் முயற்சி மிகப் பிற்பட்டது. அம்முயற்சி தென்னாட்டிற்கு வந்த வழி யாது, அதனை யார் யாருக்குக் கற்பித்தனர், எச்சொற்களால் கற்பித்தனர் என்பனவற்றைக் கோவிற்பட்டியையும் அதனைச் சூழ்ந்த மானாவாரிக் கரிசலையும் நடுவாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இயற்பியல் நூலார்க்குரிய பொருளைத் தமிழ்த்துறை இதழில் ஆராய்வது எற்றுக்கு எனின், அளவையின் வரலாற்றில் சரிபாதி சொல்லின் வரலாறாகவே இருத்தலின் என்க.

கோவிற்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டில் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது அதனுள் அடங்கியது. சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை ஆகியவற்றை உள்ளிட்ட இப்பகுதியில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டியது. அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. மேற்கே ஐம்பது அறுபது கல் தொலைவில் ஆனி, ஆடித் திங்கள்களில் தென்காசியும் குற்றாலமும் சாரலில் நனைந்து நிற்க, அதே காலத்தில் கோவிற்பட்டியில் புழுதி பறக்கும். காரணம் மலையே. தென்மேற்குக் காற்று மலையின் மேற்குப் புறத்தில் ஏறும்போது குளிர்ந்து தன் நீரைப் பெரும்பாலும் ஆண்டே இழக்கிறது. கிழக்குப் புறத்தில் இறங்கும்போது அழுத்தம் மிகுந்து சூடேறுகிறது. சூடேறிய காற்று, உள்ள நீரைக் கொண்டே முன்னினும் வறண்டதாய் ஒழுகும்.

ஈண்டு ஒரு சொல்லை நோக்குதல் வேண்டும். நாற்றிசைக் காற்றுக்கும் தமிழில் தனிப்பெயர் உண்டு: கீழ்க்காற்றுக் கொண்டல், தென்காற்றுத் தென்றல், வடகாற்று வாடை, மேல்காற்றுக் கோடை. இவற்றுள் கோடை என்பது வேனிற்பருவத்திற்கும் பெயராக வழங்குகிறது. மேற்றிசைக் காற்றையும் வெப்பப் பருவத்தையும் ஒரு சொல்லால் குறித்தவர், மலைக்குக் கிழக்கே வாழ்ந்தவராதல் வேண்டும். மலைக்கு மேற்கே அதே காற்று மழையைக் கொணர்வதன்றோ! கொண்டல் மேகத்திற்கும் பெயராயினமை இதன் மறுதலை. இவ்விரு சொற்களும் ஒருசேர, எக்காற்றில் ஈரம் உண்டு, எக்காற்றில் இல்லை என்பதனை வகுத்துக் காட்டுகின்றன. அளவு இல்லையேனும் தரம் பிரித்தறியும் அறிவு இது.

மலையின் இரு புறமும் காற்று வேறுபடுதலைக் கருவிகொண்டு தென்னாட்டில் முறையாக ஆராய்ந்தோருள் ஜான் ஆலன் புரூன் முதன்மையானவர். 1852 முதல் திருவனந்தபுரத்து வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த அவர், 1855-இல் அகத்தியமலை உச்சியில் மற்றொரு நிலையத்தை நிறுவினார். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் கருவிகளையும் ஆட்களையும் நிலைபெறச் செய்தது எளிய செயல் அன்று. கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலும் மலையுச்சியிலும் ஒரே காலத்தில் கருவிகளைப் படித்து ஒப்புநோக்குதல் அவர் கருத்து. கருவிகளைப் படித்தவர் பெரும்பாலும் உள்நாட்டு உதவியாளரே. அவர்களுக்குப் புரூன் கற்பித்த கல்வியே, காற்றின் அளவைபற்றி இந்நாட்டவர் முறையாகப் பெற்ற தொடக்கக் கல்விகளுள் ஒன்று எனலாம். பொதியிலின் தென்றலைப் பாடிய தமிழ் பெரிது. அப்பொதியிலின் மேல் நின்று, மணிதோறும் அக்காற்றை அளந்து குறித்தவரும் நம்மவரே என்பதை நம் இலக்கிய வரலாறுகள் நினைவதில்லை.

எனினும் புரூனுக்கு அரை நூற்றாண்டு முன்னரே தென்னாட்டில் ஈரமானி ஒன்று பிறந்துவிட்டது. அதன் வரலாறு விரிவாகக் கூறத்தக்கது.

ஈரத்தை ஏற்று நீளும் பொருளையோ முறுக்கவிழும் பொருளையோ கொண்டு காற்றின் ஈரத்தை அறியலாம் என்னும் கருத்து ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியது. தராசின் ஒரு தட்டில் கம்பளி மயிரை வைத்து, அது கனப்பதும் இலேசாவதும் கொண்டு காற்றின் நிலை அறியலாம் என்று கூசாவின் நிக்கோலசு எழுதினார். இராபர்ட்டு ஊக்கு 1665-இல் வெளியிட்ட தம் நுண்ணோக்கி நூலில் காட்டு ஓட்டுப்புல்லின் முறுக்கிழையைப் பயன்படுத்தும் முறையை விளக்கினார். 1783-இல் செனீவா நகரத்துச் சொசூர், எண்ணெய்ப்பசை நீக்கிய மனித மயிரால் கருவி அமைத்து, ஈரம்பற்றிய தம் நூலை வெளியிட்டார். மயிர் முற்ற உலர்ந்த நிலையிலிருந்து முற்ற நனைந்த நிலைக்கு வரும்போது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நீள்கிறது. அச்சிறு நீட்சியை முள்ளொன்றால் பெருக்கிக் காட்டினார். திமிங்கில எலும்பிழையே சிறந்தது என்று அவரோடு தெலூக்கு வழக்காடினார். இப்பூசலை நெடிது உரைத்தல் வேண்டா.

எண்றி கேட்டர் என்பார், பிற்காலத்தில் ஊசல்பற்றிய ஆராய்ச்சியால் புகழ்பெற்றவர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் படைத்துறை அலுவலராக இருந்தார். வில்லியம் லாம்டன் தலைமையில் நடைபெற்ற முக்கோண நில அளவையில் அவர் துணைநின்றார். அவ்வளவையின் நடுக்கோடு ஏறத்தாழ 78 பாகை நெட்டாங்கை ஒட்டிப் பின்னர்க் குமரிமுனை வரை நீண்டது; கோவிற்பட்டி அக்கோட்டிற்கு மிக அணித்தே உள்ளது. மைசூர்ப் பகுதியில் பணிபுரிந்த காலத்தில் கேட்டர் ஒரு புல்லைக் கண்டார். அதன் விதையின் நுனியில் நீண்ட முறுக்கிழை ஒன்று உண்டு. ஈரம் பட்டவுடன் அது முறுக்கவிழும், உலர்ந்தவுடன் மீண்டும் முறுக்கேறும். அவ்விழையின் அடியை நிலைநிறுத்தி நுனியில் மெல்லிய முள்ளொன்றைப் பொருத்தி, மிக நுண்ணிய ஈரமானி ஒன்றினை அமைத்தார். அக்கருவியையும் அதனைத் திருத்திய மற்றொரு வடிவையும் கல்கத்தா ஆசியக் கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் விளக்கி எழுதினார். சொசூரின் மயிர் நூறில் இரண்டரைப் பங்கே நீண்டதாக, இப்புல்லின் இழையோ முள்ளைப் பல சுற்றுச் சுழற்றியது. பெருக்கிக் காட்டும் பொறியே அதற்கு வேண்டாதாயிற்று.

அப்புல்லின் கன்னடப் பெயரையும் கேட்டர் குறித்துள்ளார். அப்பெயரின் இறுதியில் நிற்கும் ‘ஹுல்லு’ என்னும் சொல் நம் ‘புல்’ என்பதன் கன்னட வடிவமே. பால் ‘ஹாலு’ ஆனதும் பத்து ‘ஹத்து’ ஆனதும் போல. தமிழில் இதனை ஊசிப்புல் என்பர். கரிசற் காட்டை அடுத்த மேட்டு நிலங்களிலும் மேய்ச்சற் புறம்போக்கிலும் குன்றுச் சரிவுகளிலும் மழைக்காலம் கழிந்தபின் முற்றி நிற்பது. ஆட்டின் மயிரில் தைத்துத் தோலையும் துளைக்கும் ஆதலின் ஆயர் இதனை வெறுப்பர். ஊசி ஏன் துளைக்கிறது என்பதற்கு விடை, கேட்டர் கண்ட அதே முறுக்கில் உள்ளது. பகலில் காற்று வறள இழை முறுக்கேறுகிறது. இரவில் பனி இறங்க முறுக்கவிழ்கிறது. இங்ஙனம் மாறி மாறிச் சுழலும் சுழற்சியால் விதை மண்ணுக்குள் தன்னைத்தானே திருகிக்கொண்டு புகுகிறது. மண் கிடைக்காதவழி ஆட்டின் தோல்! ஆயன் வெறுத்த குணத்தையே அளவையாளர் பயன்கொண்டார். இதனை நோக்க, தென்னாட்டுப் பொருளால் தென்னாட்டு மண்ணிலேயே அமைந்த ஈரமானி, இங்கிலாந்திலிருந்து கண்ணாடிக் கருவிகள் பெட்டியில் வந்து இறங்குமுன்னரே தோன்றிவிட்டது என்பது தெளிவு. பின்வந்தோர் அதனைத் தொடரவில்லை. புல்லின் இழை நாளடைவில் தளரும். ஒரு விதையின் இழை மற்றொன்றைப் போல் இராது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே அளவு வகுக்க வேண்டியிருத்தல் பேரரசு ஒன்றின் அலுவலகத்திற்கு ஒவ்வாது.

அலுவலகத்திற்கு ஒத்தது இரட்டை வெப்பமானியே. இரண்டு வெப்பமானிகளுள் ஒன்றன் குமிழை மெல்லிய மசுலின் துணியால் போர்த்தி, திரியொன்றால் நீர் ஏற்றி, எப்பொழுதும் நனைந்திருக்கச் செய்தல் இதன் அமைப்பு. நீர் ஆவியாகும்போது குமிழின் வெப்பத்தைக் கொள்வதால் ஈரக்குமிழ் தாழ்ந்து காட்டும். காற்று வறண்டதாயின் ஆவியாதல் மிகும். இரண்டிற்கும் இடையே வேறுபாடு மிகும். செருமானியராகிய ஆகசுட்டு 1825-இல் இதற்கு இட்ட கிரேக்கப் பெயர் ‘குளிர்ச்சியை அளப்பது’ என்னும் பொருளது. மண்பானையில் நீர் குளிர்வதைக் கண்டோர்க்கு இதன் தத்துவம் புதியது அன்று. கோவிற்பட்டியில் பானைநீர் சில்லென்றிருக்க, தூத்துக்குடிக் கடற்கரையில் அத்துணைக் குளிராதிருத்தலை இரண்டு ஊரிலும் வாழ்ந்தோர் அறிவர்.

1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. அதன் முதல் தலைவர் எண்றி பிளான்போர்டு, நாடெங்கும் கருவி படிப்போர்க்கென ஒரு கையேட்டினை 1870களில் எழுதி வெளியிட்டார். வேறு தொழிலுடையோர் பகுதிநேரமாகக் கருவியைப் படித்த காலம் அது. அவர்களுக்கு இயற்பியல் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்ததும் இல்லை. துணியை எப்பொழுது மாற்றுவது, திரி எத்துணை நீளம், எந்த நீரை ஊற்றுவது, வெயில் படாமல் கருவியை எங்கு வைப்பது என்பனவே அவர்கட்குக் கற்பிக்கப்பட்டன. இவை சிறிய செய்திகளாகத் தோன்றலாம். கரிசற் பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புநீர், சுண்ணாம்பும் உடையது. அந்நீரைத் திரியில் இட்டால் சில நாளில் துணியில் வெள்ளைப் பொருக்கு ஏறும். பொருக்கேறிய துணி நன்கு நனையாது. ஈரக்குமிழ் உண்மையினும் உயர்ந்து காட்டும். காற்று உள்ளதினும் ஈரமானது என்று ஏட்டில் பதியும். ஆகவே மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துக என்பது விதி. வறண்ட நாட்டில் வறட்சியைக் குறைத்துக் காட்டுவது, அந்நாட்டின் நீரே!

கணக்கு ஒன்றால் இதன் விளைவை விளக்குவாம். உலர்குமிழ் 35 செல்சியசு பாகையும் ஈரக்குமிழ் 20 பாகையும் காட்டுமாயின், காற்று நன்கு வீசும் கருவியில், ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ நூற்றுக்கு 24. பொருக்கினால் ஈரக்குமிழ் 25 பாகை காட்டுமாயின் அதுவே ஏறத்தாழ 44 ஆகிவிடும். ஒரு துணியின் அழுக்கு ஒரு நாட்டின் தட்பவெப்பத்தையே மாற்றி எழுதவல்லது. பழைய பதிவேடுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், ஓலைச்சுவடியில் ஏட்டெழுத்தாளர் பிழையை ஆராய்வது போல, இப்பிழையையும் ஆராய்ந்தே கொள்ளுதல் வேண்டும்.

கல்லூரிகளில் நிகழ்ந்த கல்வி வேறு வகையினது. அங்கு ரெனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1845-இல் வகுத்த பனிநிலைக் கருவி இடம்பெற்றது. வெள்ளிக் குப்பியில் ஈத்தரை ஊற்றி, அதனுள் காற்றைக் குமிழியிடச் செய்து குளிர்விப்பர். குப்பியின் பளபளப்பு மங்கும் கணத்தில் பனிநிலை அறியப்படும். அழகிய சோதனையே. ஆயின் ஈத்தர் கொதிப்பது 34.6 பாகையில். சித்திரைத் திங்கள் நண்பகலில் கோவிற்பட்டியில் அறையின் வெப்பமே அதனைக் கடந்து நிற்கும். மேற்கூறிய கணக்கின்படி பனிநிலை 11 பாகையை ஒட்டியது. குப்பியை இருபத்துநான்கு பாகை தாழ்த்தினால் அன்றி மங்கல் தோன்றாது. ஐரோப்பியக் குளிர்நாட்டில் சில நொடியில் முடியும் சோதனை ஈண்டு ஈத்தர் தீருமட்டும் நீளும். நூலில் எழுதிய முறை எந்நாட்டில் எழுதப்பட்டது என்று வினவாமல் கற்பிக்கும் கல்வி இத்தகைய இடர்ப்பாட்டில் மாணவனை நிறுத்துகிறது. அவன் தன் கையே பிழைத்தது என்று கருதுவான்.

கோவிற்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தோன்றியது; தென்னாட்டின் மிகப் பழைய ஆராய்ச்சிப் பண்ணைகளுள் அது ஒன்று. கருங்கண்ணிப் பருத்தி, சோளம், கம்பு ஆகியவற்றின் தேர்வும் பெருக்கமும் ஆண்டு நடைபெற்றன. பயிருக்கும் காற்றின் ஈரத்திற்கும் உள்ள தொடர்பினை இந்திய அளவில் ஆராய்தற்கு 1932-இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு அமைந்தது. அதனை வழிநடத்திய இல. அ. இராமதாசு பாலக்காட்டில் பிறந்தவர். தரையை ஒட்டிய காற்றின் வெப்பம், பனி ஆகியவற்றை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தியவர். 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், அயல்நாட்டிலிருந்து வந்த கருவிகளை உள்நாட்டிலேயே ஆக்கவும் அளவொருமை காணவும் வழிசெய்தார். 1970-இல் தொடங்கிய அனைத்திந்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்திலும் 1983-இல் தொடங்கிய வேளாண் வானிலைத் திட்டத்திலும் கோவிற்பட்டி ஒரு மையமாக அமைந்தது.

உழவர்க்கு இவ்வெண் எதற்கு? கம்பு பூக்கும் காலத்தில் வானம் மூடி ஈரம் மிகுமாயின் தேனொழுகல் நோய் பரவும். கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் மழை நின்றபின், மண்ணில் தங்கிய ஈரத்தையும் பனியையும் கொண்டு வளர்வன என்பர் கரிசல் உழவர். இவ்வூர்களில் விளைச்சல், மழையின் அளவால் மட்டும் அமைவதில்லை. மழைக்குப் பின் காற்று மண்ணின் ஈரத்தை எத்துணை விரைவில் கொண்டுபோகிறது என்பதனாலும் அமைகிறது. கரிசல் வாய்பிளந்து வெடிக்கும்போது ஆழத்து ஈரமும் அவ்வெடிப்பின் வழியே வெளியேறும். ஆதலின் வேளாண் வானிலை நிலையங்களில் காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இருமுறை கருவியைப் படிப்பர். இவ்விரு எண்ணும் ஏன் இத்துணை வேறுபடுகின்றன என்பதே மாணவர்க்கு முதலில் விளங்க வேண்டுவது. ஒரு கனமீட்டர் காற்று 24 பாகையில் ஏறத்தாழ 22 கிராம் நீராவியையும் 36 பாகையில் ஏறத்தாழ 42 கிராமையும் கொள்ளும். காற்றில் உள்ளது 14 கிராம் என்க. காலையில் அது கொள்ளளவின் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டும்; பிற்பகலில் மூன்றில் ஒரு பங்கு. நீர் ஒரு துளியும் குறையவில்லை, கலம் பெருத்தது. ‘ஒப்பு’ என்னும் அடைமொழி இதனையே குறிக்கிறது.

ஆலைத்தொழில் இவ்வளவைக்கு மற்றொரு பள்ளியாயிற்று. பஞ்சு வறண்டால் நூல் அறும். ஆகவே நூற்பாலையினுள் செயற்கையாக ஈரத்தைத் தெளிப்பர். இங்ஙனம் தெளிக்கும் ஈரம் மிகுந்து தொழிலாளர் மூச்சுமுட்டிய கொடுமையால் இங்கிலாந்து 1889-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 15ஆம் பிரிவில், செயற்கை ஈரத்திற்கு அளவு வகுக்கவும், காற்றின் ஈரத்தைச் சோதித்துப் பதியச் செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது; தெளிக்கும் நீர் குடிநீர்க்குரிய தூய்மையுடையதாதல் வேண்டும் என்றும் விதித்தது. ஆலைச்சுவரில் தொங்கும் இரட்டை வெப்பமானி, ஆகவே, உற்பத்தியின் கருவி மட்டும் அன்று. தொழிலாளரின் உடலுக்குக் காவலாகவும் சட்டத்தால் வைக்கப்பட்டது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் மேற்பார்வையாளர் ஒருவரே எனின் காவல் எங்ஙனம் நிகழும்? தொழிலாளர் தம் மொழியில் படித்தறியத்தக்க சொல் வேண்டும் என்பதன் வலிமை இங்கே புலப்படும்.

அதே ஊரில் தீப்பெட்டித் தொழில் இதற்கு நேர்மாறானது. 1920களில் சிவகாசியில் வேரூன்றிச் சாத்தூர், கோவிற்பட்டி எனப் பரவிய இத்தொழில் வறண்ட காற்றை வேண்டியது. குச்சியின் மருந்து உலர வேண்டும். உலர்ந்தபின் ஈரம் ஏறலாகாது. கார்த்திகை மழையில் வேலை குன்றும்; வேலை குன்றினால் கூலியும் குன்றும். ஒரு சுவருக்கு இப்பால் ஈரம் வேண்டி நீர் தெளிப்பர். அப்பால் ஈரம் போக வெயிலை வேண்டுவர். பாடநூலில் ஈரமானியின் பயன்கள் என்னும் தலைப்பின்கீழ் அயல்நாட்டுப் புகையிலைக் கிடங்கையும் பனிச்சறுக்கு நிலத்தையும் எழுதுவதை விட்டு, மாணவன் நாளும் கடந்துசெல்லும் இவ்விரு கட்டடங்களை எழுதலாம்.

இனிச் சொல்லுக்கு வருவாம். அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் ஒரு சங்கம் கண்டனர். 1930களில் திருநெல்வேலிப் பெரியோர், அவருள்ளும் இ. மு. சுப்பிரமணிய பிள்ளை, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகப் பெரிதும் உழைத்தனர். அதன் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி 1938-இல் வெளிவந்தது. 1940-இல் அரசு அமைத்த சீனிவாச சாத்திரியார் குழு வடசொல்லின்பால் சாய்ந்தது என எதிர்ப்பு எழுந்தது. பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம் அறிவியற் செய்திகளைத் தமிழ் உரைநடையில் நிலைநிறுத்தியது.

இன்று தமிழகப் பாடநூல்களில் ஒப்பு ஈரப்பதம், பனிநிலை என்பன வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலோ சாரீரப்பதன், பனிபடுநிலை என்பன வழங்குகின்றன. இரண்டையும் ஒப்புநோக்கின், பனிபடுநிலை என்பதே பொருள் தெளிவுடையது. பனிநிலை என்னும் தொடர் பனியின் நிலையா, பனியாகும் நிலையா என்னும் ஐயத்திற்கு இடம்தரும். உறைபனியைக் குறிப்பதாகவும் மாணவர் மயங்குவர். படுதல் என்னும் வினை, இல்லாதது தோன்றுதலைக் குறித்து அவ்வையத்தை அறுக்கிறது. சாரீரப்பதன் செறிவான சொல்லாக்கமே. சார், ஈரம், பதன் என மூன்றும் ஒன்றாயின. ஆயினும் படிப்போன் சாரீரம் எனப் பிரித்து, குரலுக்கு உரிய பதன் எனக் கொள்ளும் இடுக்கண் அதன்கண் உண்டு. அதனினும் ஒப்பு ஈரப்பதம் நேரிது.

பதம் என்பதும் பதன் என்பதும் ஒரு சொல்லே. நிலம், நிலன் போல மகரமும் னகரமும் உறழ்ந்தன. இச்சொல்லைத் தேர்ந்தவர் யாவரேயாயினும் அவர் உழவரின் நாவை அறிந்தவர். உழவுப் பதம், விதைப்புப் பதம், பாகின் பதம், சோற்றின் பதம் என எங்கும் ஒரு பொருள் தன் செயலுக்கு உரிய நிலையை எய்துதலே பதம். ஈரத்தின் அளவைக் குறிக்க ‘ஈர அளவு’ என்று வறிதே மொழிபெயர்த்திருக்கலாம். ஈரப்பதம் என்றமையால், கையால் மண்ணைப் பிசைந்து பதம் பார்ப்பவனின் அறிவும் அச்சொல்லினுள் புகுந்தது.

எனினும் கருவி நூலார் கொள்ளத் தவறிய ஒரு வினை தென்மாவட்டப் பேச்சில் உண்டு. அப்பளம் நமுத்தது, தீப்பெட்டி நமுத்துவிட்டது, கடலைமிட்டாய் நமுத்துப்போயிற்று என்பர். நீரில் நனைந்ததனை இங்ஙனம் கூறார். நீர் படாமலே, காற்றிலிருந்து ஈரத்தை ஏற்று மொறுமொறுப்பும் திறனும் இழந்ததனை மட்டுமே கூறுவர். நனைதல் வேறு, நமுத்தல் வேறு. சுவரும் தரையும் ஏற்ற ஈரத்திற்கு ஓதம் என்னும் தனிச்சொல்லும் உண்டு. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள்களைப் பாடநூல்கள் நீர் உறிஞ்சும் பொருள் என்று பொதுவாகக் கூறிவிடுகின்றன. பஞ்சு நீரை உறிஞ்சுதற்கும், உப்பு காற்றின் ஈரத்தை ஏற்றலுக்கும் வேறுபாடு அதனால் மறைகிறது. இடைசெவல் ஊரினராகிய கி. இராசநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதி ஒன்றினை ஆக்கினார். அத்தகைய தொகுப்புகளை நாட்டுப்புற வழக்கின் அழகுக்காக மட்டும் போற்றுதல் போதாது. கலைச்சொல் ஆக்குவோர் முதலில் புரட்டவேண்டிய நூல்களாக அவற்றைக் கொள்ளல் வேண்டும். நமுப்பு என்று பெயராக்கிக் கொண்டால் ஒரு முழுப் பாடமும் அச்சொல்லினின்றே தொடங்கும்.

அப்பாடத்திற்கு வேண்டிய கருவியும் அருமையன்று. முற்றிய ஊசிப்புல்லின் இழைகள் சிலவற்றைத் தேர்ந்து, ஒன்றன் அடியை அட்டையில் அரக்கால் ஒட்டி, நுனியில் துடைப்ப ஈர்க்கின் மெல்லிய துண்டினை முள்ளாக வைத்து, சுற்றிலும் வட்டம் வரைக. மூடிய கண்ணாடிச் சாடியில் ஈரத்துணியோடு வைத்து முள் நிற்கும் இடத்தை நூறு எனக் குறிக்க. உலர்ந்த சுட்ட சுண்ணாம்போடு வைத்து மறு எல்லையைக் குறிக்க. இடையில் ஒரு நிலையான புள்ளி வேண்டுமெனின் உப்பு உதவும்: தூய உப்பு, கரையாது சிறிது எஞ்சுமாறு நீரில் குழைத்துச் சாடியில் இட்டால், அதனுள் காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 75-இல் நிற்கும், ஆராய்ச்சிக் கூடங்களிலும் கருவிகளைச் சரிபார்க்கும் முறை இது. தூத்துக்குடி உப்பளத்து உப்பு அடுக்களையில் கசியத் தொடங்குவது இதனினும் தாழ்ந்த ஈரத்திலேயே. அதில் கலந்த மக்னீசிய உப்பே காரணம். இரட்டை வெப்பமானியை அருகில் தொங்கவிட்டு, ஒரு திங்கள் காலையும் பிற்பகலும் இரண்டையும் படித்து ஏட்டில் எழுதுக. திரிக்கு மழைநீரே ஊற்றுக. புல்லின் இழை ஓராண்டில் தளரும். அடுத்த முன்பனிக்குப் புதிய கதிர் கொய்து, மூன்று புள்ளிகளையும் மீண்டும் குறித்துக்கொள்ளலாம்.